கடைசி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை இஞ்ச்?

உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பது எனக்குத் தெரியும். மலையாளத்தில் எழுதியிருந்தால் நின்ற நிலையில் ஒரே பார்வையில் முடித்திருப்பாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தால் வேகத்தை இரண்டு மடங்காக்கிக் கேட்டிருப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம் தமிழில், பேனாவில், கோடு போட்ட தாளில் வருகிறது. மெதுவாகப் படி. உன் மனைவி ஆதிராவுக்கு இந்த எழுத்து தெரியாது என்பது எனக்கு ஒரு வசதி. படித்து முடித்த பிறகு அவளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று நீயே பார்த்துக்கொள். நேற்று போனில், "நாலு இஞ்ச் கிட்டு வேண்டாம், ஆர்டர் போடாதே, கடிதம் வரட்டும்" என்று மட்டும் சொன்னேன். நீ காரணம் கேட்டாய். நான் "ஹலோ, ஹலோ, கேக்கலை" என்று நடித்து வைத்துவிட்டேன். எல்லாம் நன்றாகவே கேட்டது. ஜீப் விஷயத்தில் நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். என்ன பொய் என்பது எளிது. ஏன் சொன்னேன் என்பதுதான் எனக்கே குழப்பமாக இருக்கிறது. எழுதினால் தெளியுமா என்று பார்க்கிறேன்.

முதலிலிருந்து வருகிறேன். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள், காக்கநாட்டு ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஆதிராவின் அப்பா கொடுத்த மலைவீட்டில் விடுதி நடத்தப் போகிறேன் என்று நீ வந்து நின்றாய். அம்மாதான், "போறது போ, ஸ்வெட்டர் எடுத்தியா?" என்று கேட்டாள். தார் ரோடு ஒரு சாயாக்கடையோடு முடிந்துவிடும், அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர், அது ரோடே இல்லை, மழைத்தண்ணீர் உருட்டிப் போட்ட பாறை என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். ஆட்டோ ஏறாது, கார் ஏறாது. நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம். மற்றவர்களுக்கு நீ வாங்கிய அந்தப் பழைய டீசல் ஜீப் ஒன்றுதான் வழி. அன்றைக்கே எனக்கு மனதில் ஓடியது, அந்த ஜீப் வந்து ஏற்றிக்கொண்டால்தான் நானும் அம்மாவும் உன் வீட்டைக் கண்ணால் பார்ப்போம் என்பது. நான்கு மாதம் ஆகிறது. இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை நீ கூப்பிடும்போதும், முதலில் "வண்டி சரியாகட்டும், வர்றோம்" என்றும், வண்டி உன்னிடம் வந்த பிறகு "மழை விடட்டும், வர்றோம்" என்றும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நீ முன்னால் போனாய். ஜீப்பை ஒரு மாதத்துக்கு நான் வேலை பார்க்கிற மிளகுக் கிட்டங்கியின் முற்றத்தில் விட்டுவிட்டு, ஒரு வேலையையும் என் தலையில் கட்டினாய். "அப்பா, வண்டியோட வயிறு பாறையில இடிக்குது. ரெண்டு இஞ்ச் தூக்கணும். விலை கொறச்சலா, ஆனா நல்ல கிட்டா ஒண்ணு பாத்துப் போட்டு வையுங்க. நாப்பது வருஷம் மிளகு பாத்த கண்ணு, உங்களுக்கா தெரியாது?" என்றாய். புகழ்ச்சி என்று தெரிந்தும் எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். மூட்டைக்குள் குத்தூசியை இறக்கி, அதன் குழிவில் வருகிற மிளகை உள்ளங்கையில் உருட்டி, இது தேறும், இது தேறாது என்று சொல்வது. அந்தத் தெம்பில் ஜீப்புக்குக் கிட் பார்க்கக் கிளம்பினேன். மனிதனுக்கு வேண்டாத தெம்பு அது.

வைட்டிலாவில் ஒரு பெரிய கடை. கல்லாவில் இருந்த சேட்டன், "பட்ஜெட் எத்ரயா சாரே?" என்றார். "நல்லதா வேணும், விலையும் கொறச்சலா வேணும்" என்றேன். "அப்போ ரெண்டு கடைக்குப் போகணும் சாரே" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். ஒரு புதுச் செட்டைக் காட்டினார். நான்கு பட்டை ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர், போல்ட், புஷ் எல்லாம் சேர்த்து. விலையைக் கேட்டதும் அந்த ஸ்பிரிங்கை விட நான் அதிகமாக வளைந்தேன். பழக்க தோஷத்தில் ரப்பர் புஷ் ஒன்றை எடுத்து உருட்டி முகர்ந்து பார்த்தேன். "சாரே, அது திங்கறதில்ல" என்றார். பிராட்வேயில் இன்னொருவர், ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டையை வைத்தால் போதும், கால் வாசி விலை, அரை நாள் வேலை என்றார். முன் சக்கரத்துக்கு அதை வைத்தால் உயிருக்கே ஆபத்து என்று யூடியூபில் ஒரு பையன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அடுத்த வீடியோவில் இன்னொரு பையன் அதையே மாட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். வண்டியின் உயரத்தை மாற்றச் சட்டம் விடுமா என்று கேட்டால் அதற்கும் மூன்று பேர் மூன்று பதில். மாற்றவே கூடாது என்றார் ஒருவர். எழுதி அனுமதி வாங்கினால் போதும் என்றார் இன்னொருவர். "மலையில யாரு சாரே டேப் வெச்சு அளக்கறது?" என்றார் மூன்றாமவர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பெண்ணு பாக்கப் போனப்பகூட உங்களுக்கு இத்தனை கன்ஃபியூஷன் இல்ல" என்றாள்.

கடைசியில் தோப்பும்படியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற முருகேசனிடம் போய்ச் சேர்ந்தேன். கம்பத்துக்காரர். இளவயதில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறின ஜீப் டிரைவர். இப்போது நீ இருக்கிற அதே மலையின் கல் ஒவ்வொன்றும் அவருக்குப் பழக்கம். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். "அய்யா, கிட்டு போட்டா அச்சு உசராது. டயர் பெருசானாத்தான் அச்சு உசரும். கிட்டு போட்டா வண்டியோட உடம்பு மட்டுந்தான் மேல போகும். தம்பிக்கு இடிக்கிறது நடுவுல தொங்குற கியர்ப்பெட்டி. அதுக்குக் கிட்டு போதும். ஆனா ரெண்டு இஞ்ச் முழுசா வேணும்." பிறகு மூன்று வழி சொன்னார். பட்டை ஸ்பிரிங்கின் நுனியை வண்டியோடு சேர்த்துத் தொங்கவிடுகிற ஷாக்கிள் என்ற இரும்புத் துண்டை நீளமானதாக மாற்றுவது முதல் வழி. அதுதான் எல்லாவற்றிலும் மலிவு. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது இரண்டாவது. உயரும், ஆனால் குலுக்குகிற குலுக்கலில் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். வளைவு கூடின புது ஸ்பிரிங், அதற்கேற்ற நீளத்தில் ஷாக், நீளமான பிரேக் ஹோஸ் எல்லாம் சேர்த்து மாற்றுவது மூன்றாவது. "பெரிய பேரு போட்டது வேணாங்கய்யா. கோயமுத்தூர்ல அடிச்ச ஸ்பிரிங்கு இருக்கு, அதைப் போட்டு நான் எத்தனையோ வண்டி ஏத்தியிருக்கேன். வைட்டிலாக்காரன் சொன்னதுல பாதி வெலைக்கு முடிச்சுத் தாரேன்" என்றார். நீ கேட்ட மலிவும் நன்மையும் ஒரே இடத்தில் இருந்தது. ஒரு நல்ல தகப்பன் அங்கேயே தலையாட்டியிருப்பான்.

நான் ஆட்டவில்லை. உயரம் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும் என்றேன். முருகேசன் ஜாக்கிகளை வைத்து வண்டியின் உடம்பைச் சரியாக இரண்டு இஞ்ச் தூக்கி நிறுத்தினார். "ஏறிப் பாருங்கய்யா" என்றார். நான் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, "வேண்டாம் முருகேசா, என் வீட்டுக்காரிக்கு முட்டு தேய்மானம். அவளால இதுல ஏற முடியாது. சின்னதாப் போடு" என்று சொல்லிவிட்டேன். "அம்மாவுக்கா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் நீளமான ஷாக்கிள் கிட்டை எடுத்துவந்தார். அட்டைப் பெட்டியின் மேல் பெரிதாக '2' என்று அச்சடித்திருந்தது. "அய்யா, பெட்டியில ரெண்டுன்னு போட்டிருக்கிறது இந்த இரும்போட கூடுதல் நீளம். ஒரு பக்கம் ரெண்டு நீண்டா வண்டி நடுவுல ஒண்ணுதான் உசரும். அந்த ரோட்டுக்கு இது பத்தாது. தம்பிகிட்ட வெவரமாச் சொல்லீருங்க" என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்தப் பெட்டியைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன், '2' நன்றாகத் தெரியும்படி. கீழே ஒரு வரி எழுதவில்லை. நீ மூன்று கைதட்டல் படம் திருப்பி அனுப்பினாய்.

மகனே, அதுதான் பொய். உன் வண்டி உயர்ந்தது இரண்டு இஞ்ச் இல்லை, ஒன்று. மிளகு மூட்டையில் நடக்கிற மோசடி ஒன்று உண்டு, சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். மூட்டையின் வாயில் ஒரு சாண் கனமான நல்ல மிளகு இருக்கும். அதற்குக் கீழே வயிறு நிறைய உள்ளீடில்லாத பொக்கு மிளகு. அதைக் கண்டுபிடிக்கத்தான் குத்தூசியே இருக்கிறது. வாயைப் பார்த்து விலை பேசாதே, வயிற்றைக் குத்திப் பார் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்திருக்கிறது. அப்படி மூட்டை கட்டினவர்களை நான் எத்தனை பேருக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன் என்று பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்த மகனுக்கு நான் அதே மூட்டையைக் கட்டி அனுப்பினேன். நீ குத்திப் பார்க்க மாட்டாய் என்று தெரிந்து அனுப்பினேன்.

இது முதல் தடவையும் இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயதில் பெரிய சைக்கிள் வேண்டும் என்று ஒரு வாரம் சோறு தின்னாமல் இருந்தாய், நினைவிருக்கிறதா? நான் பிராட்வேக்குப் போய்விட்டு வந்து, பெரியது ஸ்டாக் இல்லை என்று சொல்லி, உன் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிற சின்னதை வாங்கிவந்தேன். கடையில் பெரிய சைக்கிள் மூன்று தொங்கிக்கொண்டிருந்தது. பெரியது கிடைத்தால் நீ பாலம் தாண்டிப் போவாய், சின்னதில் மட்டாஞ்சேரிக்குள்ளேயே சுற்றுவாய் என்பது என் கணக்கு. அடுத்த வாரமே நீ அந்தச் சின்னதை மிதித்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய்விட்டு, காலெல்லாம் சிராய்ப்போடு வந்தாய். போகிறவன் எதில் வேண்டுமானாலும் போவான், உயரத்தைக் குறைத்தால் அடிபட்டுத்தான் போவான் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் டிங்சரைத் தடவிவிட்டு உன்னையே திட்டினேன்.

போன வாரம் நீ போன் செய்தாய். மழையில் மேலே ஏறும்போது பாறை இடித்துக் கியர்ப்பெட்டியின் அடி உடைந்து எண்ணெய் முழுவதும் போய்விட்டது, நடு வழியில் வண்டியை விட்டுவிட்டு நீயும் ஆதிராவும் நடந்தீர்கள், அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது என்றெல்லாம் சொன்னாய். நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீயோ, "உங்க தப்பு ஒண்ணும் இல்லப்பா. நீங்க ரெண்டு இஞ்ச் சரியாத்தான் போட்டீங்க. இந்த ரோட்டுக்கு ரெண்டு போதாதுன்னு இப்பத்தான் தெரியுது. ஆன்லைன்ல நாலு இஞ்ச் கிட்டு மலிவா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்" என்றாய். போனை வைத்துவிட்டு நேராக முருகேசனிடம் போனேன். நாலு என்றதும் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "அந்த வளைவுல நாலு இஞ்ச் தூக்கின பழைய வண்டி, பக்கவாட்டுல சரிஞ்சா நிக்காதுங்கய்யா. ப்ரொப்பல்லர் தண்டு வேற கோணல்ல சுத்தி ஒடையும். ஏன், தம்பிக்கு ஒண்ணுதான் உசந்துச்சுன்னு தெரியாதா?" என்று கேட்டார். நான் மறைத்த ஒரு இஞ்ச் இப்போது உன்னை இரண்டு இஞ்ச் அதிகமாகத் தூக்கிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறது. பயந்துபோனேன். அந்தப் பயத்தில்தான் அம்மாவிடம் வாயைத் திறந்தேன்.

அம்மா கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள், கத்தி நிற்கவில்லை. "இந்தப் பொய் யாருக்கு வேண்டி?" என்றாள். உன் முட்டுக்காகத்தான், நீ ஏற வேண்டாமா என்றேன். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். "வெறுதே என் முட்டு மேல பழி போடாதீங்க. அவன் இங்க இருந்தப்ப நான் அந்த ஜீப்புல நாலு தடவை ஏறியிருக்கேன். கம்பியப் பிடிச்சு, நல்ல கால வெச்சு, ஒரே ஏத்தம். முட்டு வலிச்சுது, ஏறினேன். ரெண்டு இஞ்ச் கூடினா ஒரு பலகை போட்டு ஏறுவேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்கதான் நாலு தடவையும், 'நீங்க போங்க, நான் காத்து வாங்கிட்டு நடந்து வர்றேன்'னு சொன்னீங்க. பீச்சுக்கு நடந்தே வந்தீங்க, முகமெல்லாம் வேர்த்து." அவள் என் இடது காலைப் பார்த்துக் கேட்டாள்: "எத்தனை மாசமா இப்பிடி?"

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் படி, எழுதுகிற எனக்கும் அது வேண்டியிருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிய அன்றைக்கு நான் பக்கத்தில் போய் நின்று பார்த்ததாக மேலே எழுதினேன் அல்லவா, அதிலும் பாதிதான் எழுதினேன். நான் ஏறிப் பார்த்தேன். இடது காலைத் தூக்கினேன், அது வரவில்லை. பேன்ட்டைப் பிடித்துக் கையால் தூக்கிப் படியில் வைத்தேன். உடம்பு மேலே போகவில்லை. முருகேசன் அதைப் பார்த்தார். அதனால்தான் "அம்மாவுக்கா?" என்று கேட்டார். ஒரு வருடமாகவே அந்தக் காலில் மரமரப்பு. கிட்டங்கியில் மூட்டை அட்டியின் மேல் ஏற ஒரு மர ஸ்டூல் இருக்கிறதே, அதிலேயே இப்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் ஏறுகிறேன். டாக்டரிடம் யாருக்கும் சொல்லாமல் போய்வந்தேன். இடுப்பில் நரம்பு நெருக்கப்படுகிறது, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் கால் பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்றார். கிட்டங்கியில் தெரிந்தால் வீட்டில் இரு என்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் மலைப்பயணம் வேண்டாம் என்பாள். உனக்குத் தெரிந்தால், என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை நீ அந்த வீட்டை விட்டுவிட்டுக் கீழே வந்துவிடுவாய் என்று பயந்தேன். ஒருவேளை வரமாட்டாய் என்றும் பயந்தேன். இரண்டில் எந்தப் பயம் பெரிது என்று இப்போதும் பிடிபடவில்லை.

என் கணக்கு இவ்வளவுதான். ஒரு இஞ்ச் உயர்ந்தால் எப்படியாவது ஏறிவிடலாம், இரண்டு உயர்ந்தால் முடியாது. ஏற முடியாதவன் அந்த ஒரு கிலோமீட்டரையும் நடக்க முடியாது. அப்படியானால் உன் வீட்டை நான் பார்க்கவே போவதில்லை. அதற்காக உன் வண்டியின் உயரத்தை என் காலின் அளவுக்கு வெட்டினேன். பாறை என் காலைக் கேட்டுக்கொண்டா இடிக்கும்? நீ மலையில் ஓட்டுகிற வண்டிக்கு மட்டாஞ்சேரி முற்றத்தில் நின்று அளவெடுத்தவன் நான். வெட்கமாக இருக்கிறது. ஆதிராவின் கையை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருக்கிறது. இதற்கு நடுவிலும் ஒரு மூலையில், உயரம் கூடினால் வண்டி சரியும் என்று முருகேசன் சொன்னபோது, 'பார், நான் குறைத்துப் போட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது' என்று ஒரு குரல் கேட்டது. அது உண்மையான கவலையா, பொய்யன் தேடுகிற சாக்கா என்று உட்கார்ந்து யோசித்தேன். இரண்டும் கலந்திருக்கிறது. பிரித்தெடுக்க என்னிடம் குத்தூசி இல்லை.

ஆகையால் எனக்குத் தெளிவாகத் தெரிந்த கொஞ்சத்தை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். வண்டியைத் தேவைக்கு மேல் ஒரு விரல்கூடத் தூக்காதே. தேவைக்குக் கீழேயும் நிற்காதே. தேவை எது என்று கடைக்காரரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே. அந்த ரோட்டில் நாள்தோறும் ஏறுகிறவரைக் கேள். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை நம்பாதே, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் நீயே டேப் வைத்து அள. மலிவு என்றால் கம்பெனிப் பெயரில் மலிவு பார், பிரேக் ஹோஸிலும் போல்ட்டிலும் பார்க்காதே. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் எவ்வளவு மாற்றலாம் என்று நீயே கேட்டு எழுத்தில் வாங்கு. மூன்று பேரின் வாய்ச்சொல் எனக்குத் தந்தது தலைவலி மட்டும்தான். இன்னொன்று, இது ஜீப்புக்கு மட்டும் இல்லை. ஆதிராவுக்கு எது முடியும், எது முடியாது என்று நீயே முடிவு செய்து, அவள் பெயரைச் சொல்லி ஒரு காரியத்தைச் செய்யாதே. அவளைக் கேள். முப்பத்தைந்து வருடம் கூட இருந்தும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பலகையில் முடிந்திருக்கும் விஷயம்.

இரண்டு இஞ்ச் கிட் வாங்கிவிட்டேன். முருகேசன் சொன்ன கோயமுத்தூர் ஸ்பிரிங், நான்கு சக்கரத்துக்கும் ஷாக், பிரேக் ஹோஸ், உடைந்த கியர்ப்பெட்டிக்கு வேண்டிய சாமான், அதன் அடியில் மாட்ட ஒரு இரும்புத் தகடு. ரப்பர் புஷ்ஷை முகர்ந்தே வாங்கினேன், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். முருகேசன் ஊருக்குப் போகிற வழியில் சனிக்கிழமை உன் வீட்டில் இரண்டு நாள் தங்கி மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ வாங்கிவைக்கிற அனுமதிக்கு மேல் ஒரு நூல்கூட ஏற்றக்கூடாது என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். நீ பக்கத்தில் நின்று டேப் பிடி. நீ என் மீது கோபப்படலாம், அதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கோபத்தில் நாலு இஞ்ச் கிட் மட்டும் வாங்கிவிடாதே, கும்பிட்டுக் கேட்கிறேன்.

நானும் அம்மாவும் செவ்வாய்க்கிழமை காலை வைட்டிலாவில் பஸ் ஏறுகிறோம். டாக்டரிடம் கேட்டேன், உட்கார்ந்து போகலாம் என்றார். அம்மாவிடமும் கேட்டேன், இந்தத் தடவை உண்மையிலேயே கேட்டேன். "மதி, போதும், இனி ஒண்ணும் கேக்க வேண்டாம், பை எடுங்க" என்றாள். கிட்டங்கியில் அந்த மர ஸ்டூலை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டார்கள். கால் வரவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. சுமை தூக்குகிற ஒருவர் அதன் ஆடுகிற காலில் ஆணி அடித்துக் கொடுத்தார். ஸ்பிரிங்குகளோடு சேர்த்துக் கட்டி முருகேசன் கையில் அனுப்புகிறேன். அதை ஜீப்பின் பின்னால் வை, இனி அது அந்த வண்டியின் சாமான். செவ்வாய்க்கிழமை அந்தச் சாயாக்கடைக்கு முன்னால் கொண்டுவந்து போடு. முதலில் அம்மா ஏறட்டும். அப்புறம் நான் ஏறுகிறேன். நீ இங்கே நம் சந்தின் முனையில் வண்டியை நிறுத்தி, நான் செருப்புத் தேடி முடிக்கும்வரை ஹார்னை விடாமல் அடிப்பாயே, அதுபோல அன்றைக்கு அடிக்காதே. எனக்கு நேரம் ஆகும். ஹார்ன் அடிக்காமல் நில்.

அப்பா